‘மிகைத்துடிப்பு’ வேண்டாம், ‘கரைப்பாய்ச்சல்’ வைப்போம்

> நம் சொற்பட்டியலில், காமடோர் 128 என்னும் பழைய வீட்டுக் கணினியின் செயலியை வேகப்படுத்தும் தந்திரத்துக்கு ‘மிகைத்துடிப்பு’ (ஓவர்கிளாக்கிங்) என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் அண்ணா,

அது நல்ல சொல்தான், ஆனால் இங்கே பொருந்தாது. சில்லை அதன் வரம்பைத் தாண்டி ஓட்டினால்தான் மிகை. 1985இல் வந்த காமடோர் 128இன் 8502 செயலியோ 2 மெகாஹெர்ட்சில் ஓடவே செய்யப்பட்டது. அதைப் பாதி வேகத்தில் பிடித்துவைப்பது விக் என்னும் படச்சில்லு. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் (கிளாக்) நினைவகம் ஒரு பாதி செயலிக்கு, மறுபாதி விக்குக்கு. வேகத்தைக் கூட்டினால் இரண்டு பாதியையும் செயலியே எடுத்துக்கொள்ளும்; விக் வரையும் 40 பத்தித் திரை (வரிக்கு 40 எழுத்து) குப்பையாகிவிடும்.

ஆனால் படத்துக்கு மேலும் கீழும் வெறும் நிறமாகத் தெரியும் பட்டைகளை வரைய விக்குக்கு நினைவகமே வேண்டாம். படத்தின் கடைசி வரி முடிந்ததும் வேகத்தை மாற்றும் 53296ஆம் முகவரியின் கடைசி பிட்டை 1 ஆக்கி (இரட்டை வேகம்), அடுத்த படம் தொடங்குமுன் 0 ஆக்க (பழைய வேகம்) வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் முதல் வரி எழுத்துகள் சிதறும். பட்டைக்குள் ஸ்பிரைட் (திரையில் நகர்த்தும் சிறு உருவம்) வைத்திருந்தால் அதுவும் போச்சு. நம் தென்னாப்பிரிக்காவில் பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறை என்பதால் திரையின் 312 வரிகளில் படம் போக 112 மிஞ்சும். அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 63தான். டர்பனில் ஓட்டினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு வேலை கூடுதலாக நடக்கும், திரையில் ஒரு சலனமும் தெரியாது.

> அப்படியானால் ‘விளிம்புவேகம்’?

விளிம்பு என்ற சொல் ஏற்கெனவே துடிப்பு ஏறும், இறங்கும் கணங்களுக்குப் போய்விட்டது: ஏறுவிளிம்பு, இறங்குவிளிம்பு. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் மாணவர்கள் குழம்புவார்கள். அந்தப் பட்டைக்குக் ‘கரை’ என்போம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசாவிட்டாலும், கோயிலுக்குக் கட்டும் வேட்டியில் கரை எது என்று அவர்களுக்குத் தெரியும்.

> கரைவேகம் என்றால் உப்புக் கரையும் வேகம் ஆகிவிடாதா?

ஆகும், அக்கா. அதனால்தான் ‘கரைப்பாய்ச்சல்’ என்கிறேன். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. இங்கே ப் மிகுந்து நிற்பதால் கரைவதோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. நாலுகால் பாய்ச்சல் என்கிறோமே, அந்த வேகமும் சொல்லிலேயே இருக்கிறது.

சரி, சொற்பட்டியலுக்கு என் வரைவு இது:

கரைப்பாய்ச்சல்: படம் வரையாத கரை வரிகளில் மட்டும் செயலியை இரட்டை வேகத்தில் ஓட்டுதல்.