ஆறாம் வகுப்பு ஒரு வருஷத்தால் கைவிட்டுப் போன சலுகை: இந்தப் பெண்ணுக்கு யாரிடம் கேட்கலாம்?

செங்கம் பக்கத்துக் கிராமத்துப் பெண். பிளஸ் டூவில் 600க்கு 541. பொறியியல் கவுன்சிலிங்கில் சுயநிதிக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) கிடைத்து முதல் வருஷம் படிக்கிறாள். அப்பா இல்லை, அம்மா சித்தாள் வேலை.

சிக்கல் இதுதான். ஆறாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் காசு கட்டிப் படித்தாள். அப்பா இறந்ததும் ஏழாவதிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி மாணவிகளுக்கு மாதாமாதம் பணம் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே வகுப்புகளை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும். அந்த ஒரு டி.சி.யைக் காட்டியதுமே இரண்டும் போச்சு.

முதல் பட்டதாரி சான்றிதழால் 25,000 குறைந்தது. மீதிக் கட்டணமும் விடுதியும் சேர்த்து இன்னும் 62,000 கட்ட வேண்டும். கடைசித் தேதி இந்த மாதம் 28. கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை என்கிறார்கள்.

வங்கியில் கல்விக் கடன் கேட்டோம். அம்மாவின் மகளிர் குழுக் கடனில் மூன்று தவணை பாக்கி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு அறக்கட்டளையில் ஜூனோடு விண்ணப்பம் முடிந்ததாம். இன்னொன்றில் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், அப்புறம் பேச்சே இல்லை. கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தாயிற்று, பணம் எப்போது வருமோ. கம்மலும் அடகில்தான் இருக்கிறது.

யார் கையிலும் பணம் தர வேண்டாம். வருஷத்தின் நடுவில் விண்ணப்பம் வாங்கி, நேரே கல்லூரிக் கணக்கிலேயே கட்டும் அறக்கட்டளை எதையாவது நீங்கள் அணுகிப் பார்த்து, உதவி கிடைத்ததுண்டா?