ஜெபக் குறிப்பு கொடுத்தவங்களுக்கு உதவியும் செய்யறது எப்படிங்க?

திருப்பூர் வாசகர்:
ஸ்தோத்திரம்ங்க. எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துல ஜெபக் குறிப்புகளை வாசிச்சு மன்றாடறோம். அடுத்த வாரம் அதே குறிப்பு அப்படியே திரும்ப வருது. இப்போ ஒரு சகோதரருக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், கோயமுத்தூர் போய் வர்றார். அவர் சம்சாரம் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ஜெபத்தோட கூட என்னென்ன செய்யலாம்னு சொல்லுங்க.

ஈரோடு அக்கா:
முதல்ல ஒரு நோட்டு போடுங்க. தேதி, யாருக்கு, கேட்டது என்ன, யார் எதை ஏத்துக்கிட்டாங்க, மறுபடி எப்போ விசாரிக்கணும்னு அஞ்சு கட்டம் போதும். கடைசி ரெண்டு கட்டம் இல்லாததாலதான் குறிப்பு அப்படியே திரும்ப வருதுங்க. "சுகம் வேணும்"னு மட்டும் எழுதினா யாருக்கும் எதுவும் பிடிபடாது. "வியாழக்கிழமை கூடப் போக ஆளில்லை"னு எழுதினா ஜெபிக்கவும் தெரியும், ஆளும் கிடைக்கும்.

பைபிள்ல பெர்சிய ராஜாகிட்ட வேலை பார்த்த நெகேமியாவைப் பாருங்க. இடிஞ்சு கிடந்த எருசலேமுக்காக ஏறக்குறைய நாலு மாசம் ஜெபிச்சார். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன"ன்னு விசாரிச்சப்போ, மனசுக்குள்ள ஜெபிச்சுட்டு, எத்தனை நாள் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம், யார்கிட்ட மரம்னு வரிசையா சொன்னார் (நெகேமியா 2:4-8). ஜெபிச்ச அந்த நாள்கள்லயே வேண்டியது என்னன்னு யோசிச்சு வச்சிருந்திருக்கார்.

"ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. நம்ம பக்கம் வாய் திறந்து கேக்க மாட்டாங்க. "வியாழக்கிழமை நான் அண்ணன்கூடப் போகட்டுங்களா, இல்ல சாயங்காலம் பையனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரட்டுங்களா?"ன்னு கேளுங்க. ரெண்டுல ஒண்ணுக்காவது சரின்னு சொல்வாங்க.

கோவை நர்ஸ்:
டயாலிசிஸ் விஷயத்துல கவனமா இருக்கணும். பாசத்துல இளநீர், வாழைப்பழம், ஜூஸ் வாங்கிட்டுப் போயிடறோம். சிறுநீரகம் பழுதானவங்களுக்கு அதுல இருக்கற பொட்டாசியம் வெளியேறாது, இதயத் துடிப்பையே கெடுத்துடும். தண்ணிக்கும் அளவு உண்டு. அந்த அளவு டாக்டர் சொல்றது, நாம போய் மாத்தக் கூடாது. சாப்பாடு கொண்டு போறதா இருந்தா, உப்பு எவ்வளவு, என்ன காய்னு சம்சாரத்துகிட்ட கேட்டுட்டுச் சமைங்க.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடறதுக்காக ரத்தக் குழாய்களை ஆபரேஷன் பண்ணி இணைச்சது) போட்ட கையைப் பிடிச்சு ஜெபிக்காதீங்க. அழுத்தினா ரத்த ஓட்டம் அடைபடலாம். அந்தக் கையில பிரஷர் பாக்கறதும் ஊசி போடறதும் கூடாது. தோளைத் தொட்டு ஜெபிச்சாப் போதும். டயாலிசிஸ் முடிஞ்சதும் பிரஷர் இறங்கித் தலை சுத்தும், பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்க விடாதீங்க. இருமல் காய்ச்சல் இருக்கறவங்க நேர்ல போகாம வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம்.

உபவாச ஜெபம்னு அவரைப் பட்டினி போடறதோ, கூட்டத்துக்காக ஒரு டயாலிசிஸைத் தள்ளிப் போடச் சொல்றதோ வேண்டவே வேண்டாம். அது உயிருக்கே ஆபத்துங்க.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்குதான்னும் பாருங்க. இல்லைன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாம் எடுத்துக்கிட்டு ஒருத்தர் கூட அலையறதே பெரிய உதவி. அட்டை இருந்தா, திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் செலவைத் திட்டமே ஏத்துக்கும்.

கோபி சபை ஊழியர்:
குறிப்பு கொடுத்தவர்கிட்ட "இதை யாருக்கெல்லாம் சொல்லலாம்?"னு கேட்டுட்டு அதையும் அந்த நோட்டுல எழுதுங்க. வாட்ஸ்அப் குரூப்புல ரிப்போர்ட்டைப் போட்டா சொந்தக்காரங்க வரைக்கும் போயிடும். அப்புறம் அந்த வீட்டுல இருந்து குறிப்பே வராது.

வார்டுக்குப் போனா பத்து நிமிஷம், மெதுவான குரல்ல ஜெபம், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் ஒரு வாக்கியம். என்ன பாவமோன்னு பேச்சை எடுக்காதீங்க. பிறவிக் குருடனைப் பத்தி சீஷர்கள் அப்படிக் கேட்டப்போ ஆண்டவர் மறுத்தாரே (யோவான் 9:3).

உதவியாச் சேர்ற பணத்தை ரெண்டு பேர் சேர்ந்து எண்ணி, எழுதி வச்சுக் கொடுங்க. கடன்ங்கற பேச்சு வேண்டாம். லீவு போட்டா அந்தச் சகோதரரோட சம்சாரத்துக்கு அன்னைக்குச் சம்பளம் இல்லை, அதனால வீட்டுக்கு முதல்ல முட்டுப்பாடு வர்றது மளிகையிலதான். திருப்பூர்ல சனிக்கிழமைதானே சம்பளம்? அன்னைக்குச் சாயங்காலமே அவங்கவங்க பங்கைச் சேர்த்துடுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாடியே அரிசி, பருப்பு அவங்க வீடு போய்ச் சேர்ந்துடும்.