மல்லேஸ்வரம் பழைய வீட்டுச் சமையலறை: கடப்பைக் கல்லை உடைக்காமல் இடம் பெருக்க முடியுமா?

கேள்வி – மல்லேஸ்வரம் உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் கட்டிய வீட்டின் சமையலறை 8 அடி நீளம், 7 அடி அகலம்; கூரை மட்டும் தாராளமாக 10 அடி உயரத்தில் இருக்கிறது. கூடத்துப் பக்கம் ஒரு கதவும் கொல்லைப் பக்கம் ஒரு கதவும் உள்ளே திறப்பதால் இரண்டு மூலைகள் வீணாகின்றன. கிழக்குச் சுவரை ஒட்டிய மேடைக்கு அடியில் கடப்பைக் கல் தட்டுகள் 2 அடி ஆழத்துக்கு இருப்பதால், பின்வரிசையில் உள்ள இட்லிக் கொப்பரையை எடுக்க வேண்டுமானால் முன்வரிசை முழுவதையும் தரையில் இறக்கியாக வேண்டும். பார்க்க வந்த மாடுலர் கிச்சன் நிறுவனத்தார், கல்லை முழுவதுமாக உடைத்துவிட்டுப் பலகைப் பெட்டிகள் அமைக்கலாம் என்கிறார்கள். மாதச் சாமான், கிரைண்டர், இரண்டு சிலிண்டர்கள், கொலுப் பொம்மைப் பெட்டிகள் எல்லாம் அடங்க வேண்டும். உடைக்காமல் வழி உண்டா?

பதில் – அல்சூர் உறுப்பினர் (ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர்)

உடைக்காதீர்கள். கடப்பைக் கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீர் பட்டாலும் உப்பாது. உங்கள் குறை கல்லில் இல்லை, எட்டாத ஆழத்தில் இருக்கிறது. அதற்கு இழுப்பறைகளே தீர்வு. கல்லில் நேராகத் துளையிட்டால் விளிம்பு பெயர்ந்துவிடக்கூடும் என்பதால், குறுக்கே உள்ள தட்டை எடுத்துவிட்டு, இரு பக்கக் கற்களிலும் மரச்சட்டங்களைப் பதித்து, அவற்றின் மேல் டெலஸ்கோப்பிக் சேனலை (இழுப்பறை வழுக்கி வெளியே வர உதவும் தண்டவாளத்தை) திருகச் சொல்லுங்கள். சேனல் பக்கத்துக்கு அரை அங்குலம் கேட்கும். சட்டத்தின் கனத்தையும் கழித்துவிட்டு மிஞ்சும் அகலத்துக்குத்தான் இழுப்பறைக் கூடை வாங்க வேண்டும். கடைக்குப் போகுமுன் உங்கள் பெரிய குக்கரின் உயரத்தை மூடியோடும் குண்டோடும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். நிறுவனத்தார் சுவரை அளப்பார்களே தவிர, பாத்திரத்தை அளக்க மாட்டார்கள்.

கதவுகளைப் பொறுத்தவரை, கூடத்துக் கதவைச் சுவரோரம் நகரும் கதவாக மாற்றினாலே அதன் பின்னால் உள்ள மூலை உங்களுக்குக் கிடைக்கும். அங்கே 1 அடி ஆழத்தில் தரையிலிருந்து 7 அடி உயரம் வரை அலமாரி வைத்தால், பருப்பு, மாவு, எண்ணெய் டப்பாக்கள் ஒற்றை வரிசையில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். அதற்கு மேல் எஞ்சும் 3 அடியில் பரண் போட்டுக் கொலுப் பெட்டிகளை ஏற்றிவிடலாம். 9 அங்குலச் சுவரைக் குடைந்து மாடம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், அது கூரையின் பாரத்தைத் தாங்கும் சுவராக இருக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள்.

பதில் – ஜெயநகர் உறுப்பினர் (உள்ளலங்காரத் தொழில்)

பொறியாளர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் கழுவுதொட்டிக்கு அடியில் இழுப்பறை வேண்டாம்; அங்கே குழாய் பழுதானால் கை நுழைய இடம் வேண்டும். அதைத் திறந்தவெளியாக விட்டு வாளியும் குப்பைக்கூடையும் வைப்பதே நல்லது.

மேல்தட்டுப் பெட்டிகள் வைப்பதானால், சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரா என்று முதலில் பாருங்கள். அத்தகைய சுவரின் பூச்சில் சாதாரணப் பிளாஸ்டிக் தக்கையும் திருகும் நாளடைவில் தளர்ந்துவிடும். எவர்சில்வர் பாத்திரங்களின் கனத்துக்குப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் நீண்ட ஆங்கர் போல்ட்டுகள் தேவை. பலகை வாங்கும்போது ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வாய்வார்த்தையை நம்பாமல், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டா என்று பாருங்கள். அடுப்புக்கு நேர் மேலே பெட்டி வேண்டாம். கிரைண்டரைத் தினமும் தூக்கி இறக்குவது முதுகுக்கு ஆகாது. மேடையின் ஓரத்தில், பிளக் பாயின்ட் அருகிலேயே அதற்கு நிரந்தர இடம் கொடுத்துவிடுங்கள்.

மல்லேஸ்வரம் உறுப்பினர்

இருவருக்கும் மிக்க நன்றி. சிலிண்டர்கள் இரண்டையும் மேடைக்கு அடியிலேயே கதவு போட்டு மறைத்துவிடலாமா?

பதில் – அல்சூர் உறுப்பினர்

காற்றுப் புகாதபடி மூடவே கூடாது, அம்மா. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். உள்ளே ஒன்று இருந்தாக வேண்டுமானால், கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத் துளைகள் வைத்து, 14.2 கிலோ சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். மாற்றுச் சிலிண்டரைக் கொல்லைப்புறத்தில் வெயிலும் மழையும் படாத இடத்தில் வைத்தால் மேடைக்கு அடியில் ஒரு தடுப்பு முழுவதும் மிச்சமாகும். உங்கள் தெருவுக்கு, வீட்டுக்கே சமையல் எரிவாயு கொண்டுவரும் கெயில் காஸ் குழாய் வந்திருந்தால் இரண்டுமே தேவைப்படாது. வேலையைத் தொடங்குமுன் அதை விசாரித்துவிடுங்கள். மேடை வேலை முடிந்த பிறகு குழாய் வந்தால், பதித்த ஓடுகளை மறுபடியும் துளைக்க வேண்டியிருக்கும்.