சுவர் வெப்பமானி 35 டிகிரி காட்டுகிறது, ஓணான் ஏன் கறுத்தே கிடக்கிறது?

புழுதிமேடு:
வணக்கம். எங்கள் வீட்டில் ஏழு மாதப் பியர்டட் டிராகன் ஒன்று வளர்கிறது. தாடி ஓணான் என்றுதான் சொல்வோம். மகள் வைத்த பெயர் செம்பி. மூன்று வாரங்களாக அது சரியாக இல்லை. காலையில் விளக்கைப் போட்டதும் அதன் அடியில் போய்ப் படுத்தால் மாலைவரை அசைவதில்லை. உடம்பு கருஞ்சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. முன்பு பாய்ந்து பிடித்த வெட்டுக்கிளியை இப்போது பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. கழிவு வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது.

தொட்டி 120 × 60 × 60 செ.மீ. மேலே கம்பிவலை மூடி, அதன்மேல் 75 வாட் ஹாலோஜன் பல்பு, நேர் கீழே தட்டையான ஒரு கல். பின்சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானி 35 காட்டுகிறது. விற்றவர் சொன்னார் என்று மின்சாரத்தில் சூடேறும் கல் ஒன்றும், இரவுக்குச் சிவப்பு பல்பும் வைத்திருக்கிறேன். சூடு போதவில்லையா, கூடிவிட்டதா? இரண்டில் எது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன்.

வேலிக்கால்:
அந்த மின்கல்லை இப்போதே எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. என் முதல் ஓணான் ஓர் இரவு முழுக்க அதன்மேல் படுத்திருந்தது. காலையில் தூக்கிப் பார்த்தபோது வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, நடுவில் தோல் ஈரமாக உரிந்திருந்தது. சுடுகிறதே என்று அது விலகவே இல்லை. இரண்டு மாதம் மருந்து போட்டோம். பிழைத்தது, ஆனால் தழும்பு கடைசிவரை போகவில்லை.

பாறைநிழல்:
வேலிக்கால் சொன்னதை முதலில் செய்யுங்கள், சகோதரரே. இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு உயிர். சூடு மேலிருந்து, ஒளியோடு சேர்ந்து வரும் என்றே அதற்குத் தெரியும்.

நான் பதினோரு ஆண்டுகளாக இவற்றை வளர்க்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. தேவையான சூடு கிடைத்த ஓணான் விளக்கடியிலேயே கிடக்காது. காய்ந்து முடிந்ததும் எழுந்து குளிர்ந்த மூலைக்குப் போகும், சற்று உலாவும், மறுபடி வரும். நாளெல்லாம் அங்கேயே படுத்திருக்கிறது என்றால் அது இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கறுப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். கறுத்த தோல் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். காலையில் கறுத்திருந்து பிறகு வெளுத்தால் கவலையில்லை. மாலைவரை வெளுக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பின்சுவர் வெப்பமானி பின்சுவரின் சூட்டைத்தான் சொல்லும். செம்பி சுவரிலா படுக்கிறது? வயிறு படும் இடத்தில் எவ்வளவு என்று பாருங்கள். துப்பாக்கி போல நீட்டிப் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து, கல்லுக்கு மிக அருகில் பிடித்து அளந்துபாருங்கள். வளரும் ஓணானுக்கு அந்தக் கல் 40 முதல் 42 டிகிரி வரை இருக்க வேண்டும். மறுமுனையில் காற்று 24 முதல் 28க்குள் இருக்கட்டும். அது கூடினால் ஒதுங்க இடமில்லாமல் போய்விடும். ஆகவே அளக்காமல் பெரிய பல்பு மாட்ட வேண்டாம்.

சூடு குறைந்தால் குடல் வேலை செய்யாது, தின்ற பூச்சி செரிக்காமல் உள்ளேயே தங்கும். இதைச் சரிசெய்யும்வரை இரண்டொரு நாள் பூச்சி கொடுக்காதீர்கள். சூடு சரியான பின்னும் கழிவு வராவிட்டால், வயிறு இறுகினால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

சிவப்பு பல்பையும் கழற்றுங்கள். ஓணானுக்கு நிறம் நன்றாகத் தெரியும். அந்த வெளிச்சத்தில் அது தூங்குவதாகத் தோன்றினாலும் ஆழ்ந்து தூங்காது. நலமாக உள்ள ஓணானுக்கு இரவில் 18 டிகிரி வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால்தான் ஒளி தராத செராமிக் சூடேற்றி வேண்டும். அதைத் தெர்மோஸ்டாட்டோடு (சூடு கூடினால் தானே அணைக்கும் கருவி), செராமிக் ஹோல்டரில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்.

புற ஊதாக் கதிர் டியூபைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே?

புழுதிமேடு:
அக்கா, அளந்தேன். கல்லின் மேல் 31 டிகிரிதான்! வட்ட வெப்பமானி பல்புக்குப் பக்கத்தில் உயரத்தில் ஒட்டியிருந்ததால் 35 காட்டியிருக்கிறது. மறுமுனை 25. கல்லுக்கு அடியில் இரண்டு செங்கல்லை வைத்து உயர்த்தினேன். இப்போது 41 வருகிறது. டியூப் இருக்கிறது, வலைக்கு மேலே. வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது, நன்றாகத்தான் எரிகிறது.

இன்னொரு சந்தேகம். இன்று காய்ந்துகொண்டிருக்கும்போது வாயைப் பிளந்தபடியே இருந்தது. மகள் பயந்துபோய் விளக்கை அணைக்க ஓடினாள். பிறகு அதுவாகவே இறங்கி மறுமுனைக்குப் போனது. முதுகு மஞ்சளாக வெளுத்திருந்தது.

பாறைநிழல்:
மகளிடம் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம். உடம்பு போதிய அளவு சூடேறியதும் மிகுதியை வாய்வழியாக வெளியேற்றுகிறது. குளிர்ந்த பக்கத்திலும் வாய் திறந்தே இருந்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோதான் மருத்துவரிடம் போக வேண்டும்.

டியூபை மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி அப்படியே இருக்கும், புற ஊதாக் கதிர் குறைந்துபோயிருக்கும்; இதில் ஏமாறாதவர் இல்லை. கம்பிவலையும் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. முடிந்தால் புதியதை வலைக்கு உள்ளே, கல்லை எட்டும்படி மாட்டுங்கள், ஆனால் தயாரித்தவர் சொல்லும் தூரத்தைவிட நெருக்கமாக வேண்டாம். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது, கொடுக்கிற கால்சியம் எலும்பில் சேராது.

செங்கல் ஆடாமல் நிற்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். தொட்டியின் தரையிலேயே ஊன்றியிருக்க வேண்டும், மணல்மேல் அல்ல. அடியில் தோண்டிக்கொண்டு போகும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. கழிவு வந்ததும் எழுதுங்கள்.

புழுதிமேடு:
இன்று காலை வந்துவிட்டது அக்கா. இரண்டு வெட்டுக்கிளிகளையும் பாய்ந்தே பிடித்தது.