லைபீரியா போர் கமாண்டர்கள்: கேஸ் எல்லாம் ஏன் வெளிநாட்டுலயே நடக்குது?

கடலோடி_தூத்துக்குடி:
நான் ஓட்டுற கப்பலுக்கு லைபீரியா கொடி, பின்பக்கம் அந்த நாட்டு தலைநகர் மன்ரோவியா பேர் பெருசா எழுதியிருக்கும், ஆனா பதினோரு வருஷத்துல போன மாசம்தான் முதல்தடவை அந்த ஊரையே பாத்தேன். கப்பல்ல ஏறுற படிக்கட்டு (கேங்வே) கிட்ட நிக்க ஏஜென்ட் அனுப்புன வாட்ச்மேன் வயசானவர், டீ குடுத்து பேச்சு குடுத்தா, எங்க அண்ணன சுடச் சொன்ன கமாண்டர் எங்க தெருவுலதான் இருக்கான், சர்ச்ல முன்னாடி பெஞ்சுன்னு சர்க்கரை கலக்கிக்கிட்டே சொல்றார். 1989ல இருந்து 2003 வரைக்கும் ரெண்டு போர், சுமார் 2.5 லட்சம் பேர் செத்திருக்காங்க. போர ஆரம்பிச்சு அப்புறம் பிரசிடென்ட்டும் ஆன சார்லஸ் டெய்லர் ஜெயில்ல இருக்கார்னு தெரியும். மத்தவங்கள யாருமே கேக்கலியா?

நைட்ஷிப்ட்_குமார்:
டெய்லரே லைபீரியாவுக்காக உள்ள இல்ல பாஸ். 2012ல குடுத்த 50 வருஷம் பக்கத்து நாடு சியரா லியோன்ல நடந்த கொடுமைக்கு துணை போனதுக்கு, சொந்த ஊர்ல பண்ணதுக்கு ஒரு நாள் கூட தண்டனை கிடையாது. 2003ல கானா தலைநகர் அக்ரால சமாதானம் பேசுனப்ப துப்பாக்கி வச்சிருந்தவங்களேதான் மேஜையில உக்காந்திருந்தாங்க, அவங்க கோர்ட்டுக்கு ஒத்துப்பாங்களா, உண்மை கண்டறியும் கமிஷன்னு முடிச்சுட்டாங்க. அந்த கமிஷன் 2009ல தனி கோர்ட் வேணும்னும் சிலர் 30 வருஷம் பதவிக்கே வரக்கூடாதுன்னும் எழுதிச்சு. அந்த லிஸ்ட்ல அப்ப பிரசிடென்ட்டா இருந்த எல்லன் ஜான்சன் சர்லீஃப் பேரும் இருந்துச்சு, அப்புறம் எங்க நடக்கும். 2011ல அவங்க சுப்ரீம் கோர்ட் அந்த தடையே செல்லாதுன்னுடுச்சு. ஹேக்ல இருக்கிற சர்வதேச குற்றவியல் கோர்ட்டுக்கும் (ஐசிசி) போக முடியாது, அது 2002 ஜூலைக்கு அப்புறம் நடந்ததத்தான் விசாரிக்கும், பெரும்பாலான கொலை அதுக்கு முன்னாடியே முடிஞ்சுது.

பார்கவுன்சில்_பழனி:
அதனாலதான் ஓடிப்போன இடத்துல மாட்டுறாங்க. டெய்லர எதிர்த்து சண்டை போட்ட யூலிமோங்கிற ஆயுத குரூப்ல 'ஜங்கிள் ஜப்பா'ன்னு பேர் வாங்குன முகமது ஜப்பாத்தே, அமெரிக்கால அடைக்கலம் கேட்டு செட்டில் ஆகிட்டார். அப்ப அங்க அவர் மேல போர்க்குற்றம்னு கேஸ் போட வழி இல்ல, அதனால குடியேற்ற விண்ணப்பத்துல பொய் சொன்னார்னு போட்டாங்க. லைபீரியால இருந்து சாட்சிகள வரவழைச்சு கொலை, ரேப் எல்லாம் ஒவ்வொண்ணா சொல்ல வச்சாங்க, ஆனா சார்ஜ்ஷீட்ல பொய் மட்டும்தான். 2018ல 30 வருஷம். வேடிக்கையா தெரியலாம், எனக்கு இது புத்திசாலித்தனமாதான் படுது. சுவிட்சர்லாந்துல நேரடி கேஸே நடந்துச்சு, அலியூ கோசியா, 2014ல அரெஸ்ட், 2021ல 20 வருஷம், 2023 அப்பீல்ல மனிதகுலத்துக்கு எதிரான குற்றமும் சேந்துச்சு.

சந்தேகம்_சுந்தரி:
கைதட்டுறதுக்கு முன்னாடி பின்லாந்து கேஸையும் பாருங்கண்ணா. சியரா லியோன்காரர் கிப்ரில் மசாக்வா, லைபீரியால கொலை பண்ணாருன்னு கேஸ், ஜட்ஜுங்களே லைபீரியாவுக்கு கிளம்பிப் போய் சாட்சி கேட்டாங்க. எந்த வருஷம், அவர்தானா இல்லையான்னு சாட்சிகளே மாத்தி மாத்தி சொல்ல 2022ல விடுதலை, 2024 அப்பீல்லயும் அதேதான். இருபது வருஷம் கழிச்சு கேட்டா யாருக்குத்தான் தேதி ஞாபகம் இருக்கும்? தாமதமே குற்றவாளிக்கு பெரிய வக்கீல்.

கடலோடி_தூத்துக்குடி:
அப்ப இன்னொரு படைத்தலைவர் பிரின்ஸ் ஜான்சன்? பிரசிடென்ட் டோவ சித்ரவதை பண்ணும்போது இவர் பீர் குடிச்சுட்டு உக்காந்திருக்கிற வீடியோவே இருக்கே.

நைட்ஷிப்ட்_குமார்:
அது 1990. அவ்ளோ ஆதாரம் இருந்தும் நிம்பா மாவட்டம் அவர செனட்டரா தேர்ந்தெடுத்துச்சு, அங்க அவர தங்கள காப்பாத்துன ஆளுன்னுதான் பாத்தாங்க, கடைசிவரை பதவியிலயே இருந்து 2024 நவம்பர்ல செத்துட்டார். இன்னொரு கூத்து, 2023 பிரசிடென்ட் தேர்தல்ல போகாய் ஜெயிச்சதுக்கு ஜான்சன் ஆதரவும் ஒரு காரணம், அதே போகாய்தான் 2024 மே மாசம் போர்க்குற்ற கோர்ட் அமைக்க ஒரு ஆபீஸ் போட்டு ஆர்டர்ல கையெழுத்து போட்டார்.

சந்தேகம்_சுந்தரி:
ஆபீஸ் போட்டா போதுமா, சாட்சிக்கு பாதுகாப்பு யார் குடுப்பாங்க? ஐரோப்பால சொன்னவங்களும் சொல்லிட்டு அதே ஊருக்குத்தான திரும்பணும்.

கடலோடி_தூத்துக்குடி:
கரெக்ட்டு. கோர்ட் வந்தா போய் சொல்வீங்களா தாத்தான்னு அந்த வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். கிளாஸ கழுவி வச்சுட்டு, சொல்லிட்டு ராத்திரி எந்த தெரு வழியா தம்பி வீட்டுக்கு போறதுன்னு என்னையே திருப்பிக் கேட்டார்.