அந்தப் பாட்டியிடம் நான் சொன்னது சரியா? (ஐரோப்பாவின் புது ஸ்டாம்ப்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

பாரிஸிலிருந்து:
2024 மே, பிரான்ஸில் பகெட் (பிரெஞ்சுக்காரர்களின் நீள ரொட்டி) ஸ்டாம்ப் வந்த வாரம். ரொட்டியில் மூவண்ண ரிப்பன் கட்டியிருக்குமே, தேய்த்தால் வாசனை வரும், 1.96 யூரோ, 5,94,000 மட்டும் அச்சடித்தார்கள், அதுதான். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஒன்று வாங்கி, ஓரமாகப் போய்க் கட்டைவிரலால் தேய்தேயென்று தேய்த்து முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் நேராக என்னிடம் நீட்டி, "கோவிட் வந்ததிலிருந்து எனக்கு வாசனை தெரிவதில்லை, மொசியே. என் கணவர் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். இது ரொட்டி மாதிரி இருக்கிறதா?" என்றார். எனக்கு வந்தது ஏதோ வெண்ணிலா பிஸ்கட் வாசனை. "அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த ரொட்டி" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்த முகம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

லண்டனிலிருந்து:
உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் வீட்டில் வேறு யாராவது முகர்ந்து பார்த்துச் சொன்னால் என்ன நினைப்பார்? அதோடு, வாசனை நுண்ணிய உறைகளாக மையில் இருக்கிறது, ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உடைந்து தீர்ந்துபோகும். இரண்டு வாங்கி ஒன்றைத் தொடாமல் வையுங்கள், மற்ற ஸ்டாம்ப்களோடு ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள், பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். இங்கே பிரிட்டனில் ஓரத்தில் பார்கோடு அச்சிட்டு வரும் ஸ்டாம்ப் சேர்ப்பவர்களுக்கும் ஒன்று: பழைய பழக்கத்தில் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், இந்தப் பசை தண்ணீருக்கு விடாது. கடித உறைத் தாளோடு சுற்றிலும் இடம் விட்டு வெட்டி வையுங்கள், பார்கோடு தனியாகக் கிழிந்துவிட்டால் அந்த ஸ்டாம்பில் பாதி போன மாதிரி. நான் கற்றுக்கொண்டது 2022இல், முதல் வாரத்து ஸ்டாம்ப் ஒன்றை இப்படித்தான் கெடுத்தேன்.

வியன்னாவிலிருந்து:
லண்டன்காரர் சொல்வதை ஏற்க முடியாது. கணவரை இழந்தவரிடம் "பிஸ்கட் வாசனை" என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? 2020இல் கொரோனா நேரத்தில் இங்கே கழிவறைத் தாளிலேயே ஸ்டாம்ப் போட்டார்கள், ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லும் குட்டி யானைப் படத்தோடு. 2.75 யூரோ ஸ்டாம்ப், அதே அளவு நற்பணிக்கும் கொடுக்க வேண்டும். நான் கேலியாகத்தான் வாங்கினேன். பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துவிட்டு "இந்த வருடத்தை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லி அழுதுவிட்டார். அன்றிலிருந்து நூதன ஸ்டாம்ப் எதையும் நான் வித்தை என்று தள்ளுவதில்லை.

கிராக்கோவிலிருந்து:
வாசனையை விடுங்கள். உக்ரைனின் போர்க்கப்பல் ஸ்டாம்ப் (ரஷ்யப் போர்க்கப்பலைப் பார்த்து உக்ரைன் வீரன் நடுவிரல் காட்டும் படம்), 2022 ஏப்ரல் 12 வெளியீடு, இரண்டே நாளில் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியது. அதற்கப்புறம் அந்த ஸ்டாம்புக்கு எல்லோரும் அலைந்தோம். மே மாதம் இங்கே தங்கியிருந்த கீவ் அம்மா ஒருவரிடம் F எழுத்து போட்டது, அதாவது உள்நாட்டுத் தபாலுக்கானது, ஒன்று இருந்தது. நல்ல விலை சொன்னேன். கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டு, "இது என் மகனுக்குக் கடிதம் போட. அவன் படையில் இருக்கிறான். ஊருக்குத் திரும்பியதும் போடுவேன்" என்றார். விலை பேசியதற்கு எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஸ்டாம்ப் என்றால் கடிதத்தில் ஒட்டுவதற்குத்தான் என்பதை எத்தனை வருடமாக மறந்திருந்தேன்!

மறுபடி பாரிஸிலிருந்து:
லண்டன் அண்ணா, தேய்க்காமல் ஒன்று வைத்திருக்கிறேன். பாட்டியைப் பிறகு ஒருமுறை பார்த்தேன். அந்த ஸ்டாம்பைப் பேத்திக்குக் கடிதத்தில் ஒட்டி அனுப்பிவிட்டாராம். பேத்தி பதில் எழுதியிருக்கிறாள், "தாத்தா கடை வாசனை வருகிறது" என்று.