தோப்பு எப்படி ஆலயத்துக்குள் வந்தது?

பனங்கூடல்:
லெந்து நாட்களில் அம்மம்மாவின் பழைய வேதாகமத்தை எடுத்து வாசிக்கிறேன். அட்டை கழன்று நூலால் கட்டியிருக்கிறது. 2 இராஜாக்கள் 23இல், ஆலயத்துக்குள் இருந்த தோப்பு விக்கிரகத்தை யோசியா ராஜா வெளியே கொண்டுபோய் எரித்தான் என்று வருகிறது. எங்கள் வளவில் நிற்கிற ஆறு மாமரமே வீட்டுக்குள் அடங்காது, தோப்பு எப்படி ஆலயத்துக்குள் போகும்? கோயிலில் கேட்டால், "அது பிறமதத்தார் காரியம் பிள்ளை" என்று முடித்துவிட்டார்கள்.

பழைய சரித்திர வாத்தி:
பிள்ளை, எபிரேயத்தில் அந்தச் சொல் அசேரா. கிரேக்கத்துக்குப் போனபோது தோப்பாகி, தமிழுக்கும் தோப்பாகவே வந்து சேர்ந்தது. அசேரா கானானியரின் பெண் தெய்வம். அவளுக்காக நட்ட மரக்கம்பத்துக்கும் அதுதான் பெயர். கம்பமென்றால் உள்ளே வைக்கலாம்தானே.

'பிறமதத்தார் காரியம்' என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சினாய்ப் பாலைவனத்தில் குந்திலெத் அஜ்ருத் என்று ஓர் இடம். 1975-76இல் செயேவ் மெஷெல் அங்கே தோண்டினார். இரண்டு பெரிய தாழிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன, ஏறக்குறைய கி.மு. 800ஐச் சேர்ந்தவை. ஒன்றில் மையால் எழுதியிருக்கிறது: சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும் உங்களை ஆசீர்வதிக்கிறேன். எழுதினவர் இஸ்ரவேலரின் கடவுளான யாவேயைக் கும்பிட்டவர்தான்! அதே தாழியில் கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு, யாழ் மீட்டும் ஓர் உருவம் (யாழ் என்றதும் துள்ள வேண்டாம்), இருபக்கமும் காட்டாடுகள் நிற்கும் ஒரு மரம், மரத்தடியில் சிங்கம்.

கடலோரத்தான்:
சேர், எழுத்துக்குக் கீழே நிற்கிற குள்ள உருவங்கள் இரண்டையும் யாவே, அசேரா என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போகாதது நல்லது. அவை எகிப்தியரின் பெஸ் தெய்வத்தின் சாயல். எழுத்து ஓர் உருவத்தின் முடிமேலேயே ஓடுகிறது, எழுத்தும் படமும் ஒரே கையின் வேலை என்று எப்படிச் சொல்வது? எபிரேயத்தில் ஆளின் பெயரோடு 'அவருடைய' என்று ஒட்டுவதும் வழக்கமில்லை. அதனால் 'அவருடைய அசேரா' எனக்குக் கம்பம்தான், தேவி இல்லை.

பழைய சரித்திர வாத்தி:
சரி தம்பி, குள்ளர்களை விடுவோம். மரத்தை விட மாட்டேன், அது தேவியின் அடையாளம். லாகீசு என்ற பழைய நகரத்தில் கிடைத்த ஒரு சாடி, கி.மு. 13ஆம் நூற்றாண்டு, கானானியர் காலம். அதிலும் அதே மரம், அதே ஆடுகள். காணிக்கை வாசகத்தில் 'எலத்', அதாவது தேவி என்ற சொல், சரியாக மரத்துக்கு மேலே விழுகிறது.

பனங்கூடல்:
அப்போ தோப்பு என்றது முழுப் பிழையில்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆலமரத்தடியில் சூலம் நட்டு, வைரவர் என்று ஓர் ஆச்சி விளக்கு வைக்கிறா. வைரவர் சூலமா மரமா என்று நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். ஏச்சு விழும்.